கலைமதி ஆடினால் மட்டும் அணையும் கம்ப்யூட்டர்

உங்கள் வீட்டு ஹாலிலிருந்து,
சனிக்கிழமை காலை.

மரியாதைக்குரிய திருப்பதி மாமாவுக்கு, உங்கள் அக்கா மகன் முத்துராஜ் எழுதுவது. இங்கே செவந்தி அத்தை, கலைமதி, மாடு கன்று எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தை விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் விசாரித்ததாக வைத்துக்கொள்ளவும். போனில் சொன்னால் பாதியிலேயே "சைட்ல இருக்கேன்டா, அப்பறம் பேசு" என்று வைத்துவிடுவீர்கள். அதனால் பேப்பரில் எழுதி, இன்று ஷார்ஜா கிளம்பும் நாகராசு அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மாமா, நீங்களா இப்படி? எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

"எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவன்தானே, ஒரு கம்ப்யூட்டரைப் பாக்க முடியாதா ஒனக்கு" என்று நீங்கள் கேட்ட கேள்விக்காகத்தான் லீவு போட்டுவிட்டு அறந்தாங்கி பஸ் ஏறினேன். கலைமதிக்காகவும்தான். காலேஜ் கம்ப்யூட்டர் கேம் டீமில், வீட்டில் இருந்தபடியே ஆன்லைனில் அவள் ஆடுகிறாள், உங்களுக்கே தெரியும். இதுவரை மூன்று மேட்சில் பாதியில் மெஷின் அணைந்து ஆள் காணாமல் போய்விட்டாள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் டீமில் இடம் இல்லை என்று கேப்டன் அன்புமொழி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாளாம். நாளை மேட்ச். அந்த மெஷினின் ஒவ்வொரு பாகமும் நான் பார்த்துப் பொறுக்கியது என்பதால் மானம் எனக்கும் சேர்த்துத்தான் போய்க்கொண்டிருந்தது.

வந்ததும் மூடியைக் கழற்றினேன். உள்ளே பல்லி முட்டை. அதை எடுத்துவிட்டு, தூசி ஊதி, மெமரி ராம்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டி, பிராசஸர் மேல் புதுப் பேஸ்ட் தடவி, விண்டோஸைத் துடைத்து மறுபடி ஏற்றி, அறந்தாங்கி ரத்தினவேல் கடையில் ஒரு பவர் சப்ளையை இரவல் வாங்கி வந்து மாற்றிப் பார்த்தும், அவள் ஆட உட்கார்ந்து ஆட்டம் சூடு பிடிக்கிற நேரத்தில் பொட்டென்று அணைகிறது மாமா, கோளாறென்றால் வருகிற நீலத்திரை கிடையாது, எரர் கிடையாது, திடீரென்று கரண்ட் போனது என்று மட்டும் விண்டோஸ் குறித்து வைத்திருக்கிறது, ஆனால் தலைக்கு மேலே ஃபேன் ஜாம் ஜாமென்று சுற்றுகிறது, கொஞ்ச நேரம் கழித்துப் பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து உட்காருகிறது. அத்தை, "கண்ணுதான் பட்டுருச்சுப்பா, எதுத்த வீட்டுக்காரி அன்னைக்கே வந்து பாத்து பெருமூச்சு விட்டா" என்று உப்பு மிளகாய் சுற்றினார்கள். சுற்றியதில் ஒரு மிளகாய் கைதவறி கம்ப்யூட்டர் ஃபேனுக்குள் விழுந்து அரைபட்டு, அதற்கப்புறம் நான் பார்த்த வேலை எல்லாம் கண்ணீரோடுதான்.

சரி, கிராபிக்ஸ் கார்டுதான் சூடாகிறதோ என்று அதைக் கொதிக்க விடுகிற சோதனை ஒன்றைப் போட்டுவிட்டு, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்து பார்த்தேன். கல்லு மாதிரி நிற்கிறது. அதே கேமை நான் உட்கார்ந்து ஆடினேன். எவனெவனோ என்னைச் சுட்டான், நானும் செத்துச் செத்துப் பிழைத்தேன், மெஷினுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. எழுந்து கலைமதிக்கு இடம் கொடுத்தேன். அவள் ஆடிக்கொண்டிருக்கும்போதே போச்சு. "அவ ராசி அப்புடி" என்றார்கள் அத்தை. ராசிக்கெல்லாம் சிலபஸில் இடம் இல்லை மாமா. கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க இன்று காலை பீரோவை அங்கிட்டு நகர்த்தினேன்.

சுவரில், கம்ப்யூட்டருக்கும் கரண்டுக்கும் நடுவில், போன லீவில் நீங்கள் கொண்டுவந்த வைஃபை பிளக். போனில் தொட்டால் எந்த நாட்டிலிருந்தும் அணைக்கலாம் என்று நீங்களே பெருமையாகச் சொன்னது. நிமிர்ந்து பார்த்தால் நீங்கள் மாட்டிய கேமரா, நேராக அவள் நாற்காலியைப் பார்த்தபடி. நான் ஆடினால் உங்களுக்குக் கவலை இல்லை. மகள் ஆடுகிறாள் என்று கேமராவில் தெரிந்தால் அங்கே இருந்தபடியே ஒரு தட்டு. அப்புறம் எனக்கே போன் போட்டு, "கண்டுபிடிச்சியாடா?"

படிக்கச் சொல்ல வேண்டுமென்றால் வாயால் சொல்ல வேண்டியதுதானே மாமா. பிள்ளை டீம் முன்னால் மூன்று தடவை பாதி ஆட்டத்தில் ஓடியவள் மாதிரி நின்றிருக்கிறது. பெத்த அப்பன் செய்கிற வேலையா இது? நான் நீலத்திரையைப் பார்த்திருக்கிறேன், புகை வந்த போர்டைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு கோளாறைப் பார்த்ததில்லை.

அங்கே வெயிலில் தலையில் துண்டு போட்டுக்கொண்டு வேலை பார்க்கவும். வேளைக்குச் சாப்பிடவும். அய்யனார் உங்களுக்கு நல்ல புத்தியையும் நீண்ட ஆயுளையும் கொடுக்கட்டும், புத்தியை முதலில்.

இப்படிக்கு,
கோபம் குறையாத மருமகன்,
முத்துராஜ்.

பின்குறிப்பு: மேலே எழுதியது எல்லாம் ரத்து. வேறு பேப்பரில் எழுதப் பொறுமை இல்லை. மடிக்கப்போகும்போது நீங்களே போன் செய்தீர்கள், நான் கத்தினேன். "அதெல்லாம் இருந்த பழைய போன் பொங்கலுக்கு முன்னாடியே கான்கிரீட் கலவைக்குள்ள விழுந்துருச்சேடா, கேமரா பாக்குறதும் அதோட போச்சு. பிளக்கை அணைக்கிற ஆப் மட்டும் கலைமதி போன்ல இருக்கு, அவளைக் கேளு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். திரும்பினால் பக்கத்தில் அவள்.

"ஒன் போன்லயா இருக்கு?"

ஆமென்று தலையை ஆட்டினாள்.

"தோக்கப் போறோம்னு தெரிஞ்சா கை தானாப் போயிருது மச்சான். மெஷின் சரியில்லைன்னு டீம்ல இருந்து எடுத்தா எடுத்துட்டுப் போறாங்க. ஆடத் தெரியலைன்னு எடுத்துறக் கூடாதுல்ல."

"அப்ப நான் எதுக்கு இத்தனையும் கழட்டி மாட்டுனேன்?"

"சொல்ல வாய் வரல. நீங்க வேற வந்ததும் பிரிச்சுப் போட்டுட்டீங்க, அதுக்கப்பறம் எப்புடிச் சொல்றது."

மாமா, உங்களைச் சொன்னதுக்கு மன்னிக்கவும். அவளைத் திட்ட வேண்டாம், நான் திட்டி முடித்துவிட்டேன். கம்ப்யூட்டர் வயரை இப்போது நேராகச் சுவர் பாயிண்டில் மாட்டிவிட்டேன். நாளைக்கு நடுவில் அது அணையாது. தோற்றால் கடைசி வரை உட்கார்ந்துதான் தோற்க வேண்டும். இந்தக் கவரில் கனமாக இருப்பது அந்தப் பிளக். கழற்றிக் கொடுத்தது அவள்தான்.

"நாகராசு அண்ணன்ட்ட சேத்துக் குடுத்து விட்ருங்க மச்சான். இங்க கெடந்தா மறுபடி கை போகும்."