எலுமிச்சம்பழம் ஏறாத மின்வண்டி

ஒரு காட்டில், உடம்பெல்லாம் ஈட்டியும் மனசெல்லாம் கூச்சமுமாக, வேலாயுதம் என்றொரு முள்ளம்பன்றி குடும்பம் நடத்திவந்தது. கிழங்கு தோண்டி விற்பது அதன் தொழில். வளை இருந்தது மலைமேல். சந்தை கூடுவது கீழே ஆற்றங்கரையில். கால்களோ குட்டை. வேலாயுதம் மூட்டையை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் சந்தை கலைந்து, குரங்குகள் பல் குத்திக்கொண்டிருக்கும். விற்காத கிழங்கு வீட்டுக்கே திரும்பும். காலையிலும் கிழங்கு, மாலையிலும் கிழங்கு என்று தின்று தின்று பிள்ளைகள் கிழங்கைக் கண்டாலே அழ ஆரம்பித்துவிட்டன.

"ஊருல எல்லாரும் எப்படி எப்படியோ பொழைக்காங்க. நீங்க இந்தக் காலை நம்பிக்கிட்டு இருந்தா நாம கிழங்காவே போயிருவோம்" என்றது அதன் மனைவி குத்தாலம்மாள்.

அந்தச் சமயத்தில்தான் சத்தியசீலன் என்ற நரி ஆலமரத்தடியில் மின்சார பைக் கடை திறந்தது. பெயரைக் கேட்டதுமே ஓடியிருக்க வேண்டும். ஆனால் விலை மலிவு என்று வாசலில் எழுதியிருந்தது. மலிவு என்ற சொல்லுக்கு முன்னால் அறிவு எந்தக் காலத்தில் நின்றிருக்கிறது?

"வாங்க அண்ணாச்சி! பெட்ரோல் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், சத்தமே கிடையாது. ஏழை எளிய மிருகங்களுக்குன்னே வந்த வண்டி" என்று நரி ஒரு சிவப்பு வண்டியைத் துடைத்துக் காட்டியது.

"ஒரு தடவை சார்ஜ் போட்டா எவ்வளவு தூரம் ஓடும்?"

"ஆறு தாண்டி அடுத்த காடு வரைக்கும்."

"யாரு ஓட்டிப் பார்த்தா?"

"நம்ம சுண்டெலிதான்."

"மலை ஏறுமா?"

நரி வேலாயுதத்தின் தோளைத் தட்டப் போய், முள்ளைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டது. "ஏத்தம் இறக்கமெல்லாம் மனசுலதான் இருக்கு, அண்ணாச்சி."

இவ்வளவு ஆழமான பதிலை வேலாயுதம் அதுவரை கேட்டதில்லை. தோண்டும் கிழங்கில் பாதியை மாதாமாதம் தவணையாகத் தருவதாக ஒப்புக்கொண்டு வண்டியை எடுத்துவந்தது.

வளை வாசலில் பூஜை நடந்தது. சந்தனம், குங்குமம், ஒரு முழம் காட்டுமல்லி. குத்தாலம்மாள் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தது. வேலாயுதம் ஏறி உட்கார்ந்து கைப்பிடியைத் திருகியது. வண்டி முனகியது. இன்னும் திருகியது. வண்டி பின்னால் வந்தது. எலுமிச்சம்பழம் அப்படியே இருந்தது. கடைசியில் குத்தாலம்மாள் யாரும் பார்க்காத நேரமாகப் பழத்தைத் தானே மிதித்து நசுக்கிவிட்டு, "நல்ல சகுனம்" என்றது.

இறக்கத்தில் வண்டி பிரமாதமாகப் போனது. இறக்கத்தில் பூசணிக்காயும் பிரமாதமாகத்தான் போகும். ஆனாலும் அன்று சந்தைக்கு முதலில் வந்தது வேலாயுதம்தான். மூட்டை முழுதும் விற்றது. குரங்குகள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தன. வேலாயுதத்துக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துவிட்டது.

திரும்பும்போது, ஏற்றத்தின் முதல் வளைவிலேயே வண்டி உயிரை விட்டது. வேலாயுதம் இறங்கித் தள்ளியது. வண்டியோ கிழங்கு மூட்டையைவிடக் கனம். நாக்குத் தள்ள வந்தபோது, எதிரே பக்கத்து வளை காட்டுப்பன்றி மாசானம்.

"என்ன வே, வண்டி நின்னுபோச்சா?"

"நிக்கவா? நல்லா கேட்டீரு! வைத்தியர் தினமும் நடக்கச் சொல்லியிருக்காரு. அதான் இறங்கி நடக்கேன்."

மறுநாள் வேலாயுதம் நரியிடம் போய்ச் சண்டை போட்டது. நரி பொறுமையாகக் கேட்டது. கேட்டுவிட்டு, "உங்க முள்ளு காத்தைப் புடிக்குது அண்ணாச்சி. வண்டி என்ன பண்ணும்?" என்றது. "நீங்க கொஞ்சம் வழவழன்னு இருந்திருந்தா இந்நேரம் பறந்திருக்கும். சரி, ஒண்ணு பண்ணுங்க. இன்னொருத்தரை வாங்க வையுங்க. உங்களுக்கு ஒரு மாசத் தவணை தள்ளுபடி."

"ஊரை ஏமாத்தச் சொல்லுதீரா?" என்று கத்திவிட்டு வேலாயுதம் வெளியே வந்தது. அந்த ஒரு நாள் அது நேர்மையாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

வீட்டில் குத்தாலம்மாள் அழவில்லை, திட்டவில்லை. "வெளியில வாயைத் திறந்திராதீங்க" என்று மட்டும் சொன்னது. "நாம மட்டும் ஏமாந்தோம்னு தெரிஞ்சா, பேரன் பேத்தி காலம் வரைக்கும் சொல்லிச் சிரிப்பாளுவ."

அன்று சாயங்காலமே வேலாயுதம் மாசானத்தின் வாசலில் போய் உட்கார்ந்து வண்டியைப் புகழ்ந்தது. பேசப் பேச நாக்குக்கு எண்ணெய் போட்டது போலிருந்தது. மாசானம் ஒரு நீல வண்டி வாங்கியது.

அடுத்த சந்தை நாளன்று ஏற்றத்தின் அதே வளைவில் சிவப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு முள்ளம்பன்றியும், நீல வண்டியைத் தள்ளிக்கொண்டு காட்டுப்பன்றியும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டன. வேலாயுதம் வண்டிக்குப் பின்னால் ஒதுங்கியது. குத்திக் கிழித்துவிடுமோ?

மாசானம் மூச்சு வாங்கியது. பிறகு கேட்டது: "உம்ம வண்டி எப்படி வே ஓடுது?"

"பறக்குது. உம்முது?"

"புடிக்கவே முடியல."

இரண்டும் தலையை ஆட்டிக்கொண்டு தள்ளின. மாசானம் தன் மச்சானுக்கு ஒன்று விற்றுக்கொடுத்தது. மச்சான் கரடிக்கு, கரடி கீரிக்கு. மழைக்காலம் வருவதற்குள் காட்டில் வண்டி இல்லாத வீடு அபூர்வம். காட்டிலேயே ஒரே பிளக் பாயின்ட் நரியின் கடையில்தான் இருந்தது. அங்கே விடியும் முன்பே வரிசை நிற்கும். நின்றவை எல்லாம், தத்தம் வண்டி எவ்வளவு வேகம் என்று பேசிக்கொண்டே நிற்கும்.

தள்ளுவதே முறை என்று ஆயிற்று. ஏறி உட்கார்வது அநாகரிகம், வண்டி தேய்ந்துவிடும் என்றார்கள். வெறுங்கையோடு நடந்துபோகிற பிராணியைக் கண்டால், "பாவம், கால்நடை!" என்று சிரித்தார்கள்.

அப்படிச் சிரிப்புக்கு ஆளானது செண்பகம் என்ற புள்ளிமான் ஒன்றுதான். அது ஓடினால் நிழல் பின்தங்கும். அதற்கு வண்டி எதற்கு? ஆனால் பெண் பார்க்க வந்த மான்கள் முதலில் கேட்ட கேள்வியே, "பொண்ணுக்கு என்ன வண்டி?" என்பதுதான். செண்பகம் வேலாயுதத்திடம் வந்தது.

"அண்ணாச்சி, நிசத்தைச் சொல்லுங்க. நல்ல வண்டிதானா?"

வேலாயுதம் அந்தப் பெரிய கண்களைப் பார்த்தது. தொண்டைவரை உண்மை வந்தது. தவணை ஞாபகமும் வந்தது. "தங்கமான வண்டி, தாயி" என்றது.

அந்தக் காட்டில் கிழட்டுப் புலி ஒன்றும் இருந்தது. பல் பாதி, மூட்டுவலி மீதி. எதையும் துரத்த முடியாமல் ஓணான் பிடித்துத் தின்று காலம் தள்ளியது. ஒருநாள் ஏற்றத்தில் செண்பகம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்து, நம்ப முடியாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டு, மெல்ல நடந்து வந்தது.

செண்பகம் பார்த்துவிட்டது. வண்டியைப் போட்டுவிட்டு ஒரு தாவு தாவியிருந்தால் போதும். ஆனால் புது வண்டி. கீழே சாய்த்தால் பெயின்ட் போய்விடும். ஸ்டாண்டைப் போட்டுவிட்டு ஓடலாம் என்று ஸ்டாண்டைக் காலால் தேடியது. ஸ்டாண்டு இறுகியிருந்தது. இன்னொரு தரம் தேடியது. புலி அவசரப்படவே இல்லை.

துக்கத்துக்குக் காடே திரண்டது. வண்டியை யாரோ வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். செண்பகத்தின் தகப்பன், கொம்பு முறிந்த கிழமான், வேலாயுதத்தின் முன்னால் வந்து நின்றது.

"நீதானே இதை நல்ல வண்டின்னு என் புள்ளைகிட்டச் சொன்னே?"

எல்லா அழுகையும் நின்றது. மாசானம், கரடி, கீரி, நரி எல்லாம் வேலாயுதத்தையே பார்த்தன. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோரும் வண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு நிமிர்ந்து நடப்பார்கள். பிறகு, முதலில் யார் ஆரம்பித்தது என்று கேட்பார்கள்.

வேலாயுதம் மெல்ல வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சீட்டைத் தடவிப் பார்த்தது.

"பெரியவரே, புலியே வந்து பாய்ஞ்சிருக்கு. வண்டியில ஒரு கீறல் இருக்கா, பாருங்க."

கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. கீறல் இல்லைதான். "உறுதியான வண்டி" என்றது மாசானம். "தங்கம்" என்றது கரடி. கிழமானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தது.

மறுநாள் விடியும் முன்பே அது மகளின் வண்டியைத் தள்ளிக்கொண்டு சார்ஜ் வரிசைக்கு வந்தது. வேலாயுதம் மரியாதையாக நகர்ந்து இடம் கொடுத்தது.

நீதி: தனியாக ஏமாந்தால் முட்டாள்தனம், ஊரோடு சேர்ந்து ஏமாந்தால் முன்னேற்றம். ஆகையால், ஏமாந்தது தெரிந்ததும் உட்கார்ந்து அழாதே. போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டு.