வெண்டலினின் இடது இறக்கை

“இன்னும் இடது பக்கமாத்தான் இழுக்குது” என்று புலம்பிக்கொண்டே விமானத்திலிருந்து இறங்கினார் வெண்டலின்.

அவர் ஊரில் பல் டாக்டர். பல் பிடுங்கிய நேரம் போக மீதி நேரமெல்லாம், மலைமேல் இருக்கும், காற்றில் மிதந்து பறக்கும் கிளைடர் விமானக்காரர்களின் சங்கப் பட்டறையில் தன் விமானத்துக்குத் தானே இறக்கை செய்துகொண்டிருந்தார். நீண்டு மெலிந்த இறக்கை. விமானி தலைக்குப் பின்னாலிருந்து மோட்டார் எழும்பும். தானே கிளம்பி மேலே போய், அதை மடக்கி வைத்துவிட்டுச் சும்மா மிதக்கலாம். கயிறு கட்டி இழுத்துவிட யார் தயவும் வேண்டாம் என்றுதான் இந்த வேலையில் இறங்கினார். இப்போது சங்கத்தில் அவருக்கு யோசனை சொல்லாத ஆளே இல்லை.

அன்று மதியம் சோதனை அதிகாரி ஹெர்மீனா வருவதாக இருந்தது. அவர் சரி என்றால் விமானங்களை நிறுத்தும் கொட்டகையில் காலியாக இருக்கும் ஒரே இடம் வெண்டலினுக்கு. இல்லையென்றால் வரிசையில் அடுத்து நிற்கும் ஓட்மாருக்கு. இத்தனை குளிர்காலம் இழைத்து இழைத்துச் செய்த இறக்கை பனியில் கிடக்கும்.

“இழுக்குதுன்னு எப்படிச் சொல்றீங்க டாக்டர்?” என்று கேட்டார் அதே ஓட்மார்.

“நூல் சொல்லுதே.”

நூல் சொன்னால் அப்பீல் கிடையாது. விமானியின் முகத்துக்கு முன்னால், கண்ணாடி மூடியின் வெளிப்பக்கம், நட்டநடுவில் ஒரு சிவப்புக் கம்பளி நூலை ஒட்டியிருப்பார்கள். நேராகப் பறந்தால் நூல் நேராக நிற்கும். கோணலாகப் பறந்தால் சாயும். எவ்வளவு விலை உயர்ந்த கருவி இருந்தாலும் கிளைடர்காரர்கள் கடைசியில் நம்புவது இந்த நூலைத்தான்.

“அப்ப இடது இறக்கைதான் காத்தைத் தடுக்குது. முன்விளிம்பைக் கொஞ்சம் தேய்ங்க” என்றார் ஓட்மார்.

“ஏங்க, க்ரீம் உருகுது. வந்து கேக்கைச் சாப்பிட்டுட்டுத் தேய்ங்க” என்று புல்வெளி மேசையிலிருந்து கூப்பிட்டார் மனைவி கெர்லிண்ட்.

வெண்டலின் அதைக் காதில் வாங்கவில்லை. பையிலிருந்து பல்லுக்கு மெருகு போடும் கருவியை எடுத்து, விளிம்பை ஒரு மணி நேரம் ராவினார். மறுபடி மோட்டாரை எழுப்பி மேலே போனார். நூல் அப்படியே சாய்ந்து நின்றது. அதை நேராக்கக் காலால் சுக்கானை அழுத்தினார். அழுத்தினால் விமானம் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தது. வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். அதுவரை வேகம் குறைந்தால் மூக்கை மெதுவாகத் தாழ்த்துவதோடு நின்ற விமானம், இப்போது இடது இறக்கையைத் தொபுக்கென்று கீழே போட்டது.

இறங்கி வந்தவரின் முகம் வெளுத்திருந்தது.

“ரொம்ப ராவிட்டீங்க. பள்ளமாயிருக்கும், அடைச்சிடுங்க” என்றார் ஓட்மார்.

“யோவ், நீதானய்யா ராவச் சொன்ன?”

“கொஞ்சம்னு சொன்னேன்ல?”

பல் ஓட்டையை அடைக்கும் பசையைக் குழைத்து விளிம்பில் பூசினார் வெண்டலின். இருபத்தைந்து வருட அனுபவம். பூச்சு பளிங்காக வந்தது. ஆனால் மேலே போனதும் இறக்கை உதறத் தொடங்கி, அவருடைய சொந்தப் பற்களே கடகடத்தன. நூல் மட்டும் அசையாமல் இடது பக்கம் காட்டியது. மறுபடி இறங்கினார்.

“மிச்சம் இருக்கறது நுனியில நிக்கிற மடல்தான். அதை எடுத்துப் பார்க்கலாமே” என்றார் ஓட்மார். குரலில் அவ்வளவு பரிவு.

இறக்கை நுனியில் மேல்நோக்கி வளைந்திருந்த அந்தச் சின்ன மடலை வெண்டலின் ஒரு மழைக்காலம் முழுக்கச் செதுக்கியிருந்தார். ரம்பத்தை வைக்கும்போது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மடல் புல்லில் விழுந்த அதே நேரம் ஹெர்மீனாவின் கார் வந்து நின்றது.

அவர் விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இடது இறக்கையைத் தடவினார். புல்லில் கிடந்ததைக் குனிந்து பார்த்தார்.

“வலது இறக்கை ரொம்ப அழகா இருக்கு டாக்டர். இடது பக்கத்தை மட்டும் எலிகிட்ட குடுத்தீங்களா?”

“மேடம், அது பறக்கறப்ப இழுக்குது. நூல் நேரா நிக்கவே மாட்டேங்குது.”

ஹெர்மீனா உள்ளே ஏறி உட்கார்ந்து கண்ணாடியை மூடினார். ஒரு கண்ணை மூடி மூக்குக்கு நேராகப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கண்ணாடியைத் திறந்தார்.

“இந்த நூலை நடுவுலேர்ந்து யாரு நகர்த்தினது? ஓரத்துல ஒட்டினா நேரா பறந்தாலும் சாஞ்சுதான் நிக்கும்.”

எல்லோரும் ஓட்மாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“சத்தியமா நான் தொடலை” என்றார் ஓட்மார், இரண்டு கைகளையும் தூக்கி.

கெர்லிண்ட் கேக் வெட்டும் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “போன மாசம் இவரோட கிளினிக்ல மாட்ட, இவரை இதுக்குள்ள உக்கார வச்சு ஒரு படம் எடுத்தேனா, அந்த நூல் சரியா இவர் முன்பல்லுல மாட்டிக்கிட்ட மாதிரியே விழுந்துச்சு, பல் டாக்டருக்கு அசிங்கமா இருக்கேன்னு நான்தான் கொஞ்சம் ஓரமா பிச்சு ஒட்டினேன்.”