இத்தாலித் தோட்டத்தில் அண்ணாந்து குடித்தவன்

உதட்டில் படாமல் தூக்கிக் குடிக்கிறவனோடு எதையும் பங்கு போட்டுக் குடிக்காதீர்கள். எச்சில் படாதுதான், மிச்சமும் இருக்காது. (நான் அந்த ரகம். அண்ணாந்தால் நிறுத்தத் தெரியாது.)

அறுபதுகளில் தூத்துக்குடியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் ஆழ்வார்திருநகரி. கணக்கு வாத்தியாரான அப்பா என்னை ஹாஸ்டலில் விட்டதே பெரிய விஷயம். "ஆசாரம் தப்பினேன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா, அன்னிக்கே பெட்டியைக் கட்டிண்டு வந்துடணும். மாமாவோட ஜவுளிக் கடையில துணி கிழிக்கலாம்" என்று சொல்லித்தான் அனுப்பினார். அந்தக் கடைக்கு மட்டும் போகவே கூடாது என்றிருந்தேன்.

ஆறுமுகநேரிக்கு அப்பால், தேரி என்கிற செம்மணல் மேட்டின் ஓரத்தில் ஓர் இத்தாலிப் பாதிரியார் திராட்சைத் தோட்டம் போட்டிருந்தார். சொந்த ஊரிலிருந்து குச்சிகள் கொண்டுவந்து நட்டு, பனங்கட்டையில் பந்தல் போட்டு, சர்ச் பூசைக்கான ஒயினையும் அங்கேயே தயாரித்தார். எங்கும் மதுவிலக்கு, அவருக்கு மட்டும் அனுமதி. ஒரு சனிக்கிழமை எங்கள் வகுப்பே பஸ் பிடித்து அதைப் பார்க்கப் போனது.

பந்தலைப் பார்த்த பிறகு எல்லாரும் பீப்பாய் அறைக்குள் போனார்கள். நான் மட்டும் வாசலில், உச்சி வெயிலில் நின்றேன். (ஆசாரம்!) நாக்கு வறண்டுபோன நேரத்தில் பாதிரியார் பெரிய பித்தளைச் சொம்போடு வெளியே வந்தார், பின்னாலேயே எல்லாரும் வந்தார்கள். "ஆளுக்கு ஒரு வாய் குடிங்கலே" என்று முதலில் நின்ற என்னிடம் நீட்டினார். தண்ணீர் என்று நினைத்து அண்ணாந்தேன். தேனாக இறங்கியது.

"ஏலே, நிறுத்துலே! எல்லாருக்கும் உள்ளதுலே அது!" என்று பாதிரியார் கத்தினார். இருபது வருஷத்தில் எங்களைவிட நன்றாகத் திருநெல்வேலித் தமிழ் பேசக் கற்றிருந்தார். நான் சொம்பை இறக்கியபோது அடியில் ஈரம்தான் இருந்தது.

என் அறைத் தோழன் செல்லத்துரை, கருப்பட்டிக் கடைக்காரர் மகன், காதருகில் வந்தான். "என்ன காரியம்லே பண்ணிட்ட? பூசை ஒயினைல்லா சொம்போட உள்ள விட்டுருக்க!"

அவ்வளவுதான், எனக்குப் போதை ஏறிவிட்டது. தேரி மணலில் யாருக்கும் கால் புதையும். எனக்கு மட்டும் அது தள்ளாட்டமாகத் தெரிந்தது. பேராசிரியர் காலில் விழுந்து, "சார், அப்பாகிட்ட சொல்லிடாதீங்கோ" என்று அழுதேன். அவர் ஒன்றும் புரியாமல், "வெயில் தலைக்கு ஏறிட்டு. இவன் தலையில ஒரு துண்டைப் போடுங்கலே" என்றார்.

வாரக் கடைசி ஆதலால் ஆறுமுகநேரியிலேயே ரயிலேறி வீட்டுக்குப் போக ஏற்பாடு. வாடை தெரியாமலிருக்க வழியெல்லாம் வேப்பிலை மென்றேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். வேப்பிலை வீண். "அப்பா, நான் குடிச்சுட்டேன்!" என்று முழுவதையும் கொட்டிவிட்டேன்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா கிட்டே வந்தார்.

"எவ்வளவுடா?"

"ஒரு சொம்பு."

"எப்படி இருந்தது?"

"கல்கண்டு மாதிரி இனிச்சுதுப்பா."

அப்பா பெருமூச்சு விட்டார். "போடா அசடு! அது வெறும் பழச்சாறு. ஒயின்னா நாக்குல துவர்க்கும். தொண்டையில சுருக்குனு இறங்கும். கொஞ்ச நாழி கழிச்சு காது மடல் சூடாகும்."

அம்மா வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"ஏன்னா, காது மடல் சூடாகும்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"புஸ்தகத்துல படிச்சேன்" என்று சொல்லிவிட்டு, அப்பா சந்தியாவந்தனத்துக்கு ஆற்றங்கரைக்குக் கிளம்பிவிட்டார். அதற்கு இன்னும் நேரமே ஆகியிருக்கவில்லை. என் பெட்டியைக் கட்டச் சொல்லவும் மறந்துபோனார். திங்கட்கிழமை நிம்மதியாக ஹாஸ்டலுக்குத் திரும்பினேன். சனிக்கிழமை காலையில் பிழிந்த சாறுதான் அது என்று செல்லத்துரை சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டான். இரண்டு அடி கொடுத்தேன்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது தெரியக்கூடாத விஷயத்தை விவரமாகச் சொல்லிவிட்டால், "புஸ்தகத்துல படிச்சியா?" என்று குழந்தைகள்கூடக் கேட்கும். எண்பது வயதில் அப்பாவுக்குக் காது வலி வந்து டாக்டரிடம் அழைத்துப் போனோம். தொட்டுப் பார்த்த டாக்டர், "மடல் லேசா சூடா இருக்கே" என்றார். அம்மா சிரித்த சிரிப்பில் வெளியே நின்ற நர்ஸ் ஓடி வந்தாள். அப்பாவும் சிரித்துவிட்டார். எங்கே குடித்தார் என்பதை மட்டும் கடைசிவரை சொல்லவே இல்லை.