பின்னங்கால் புகார்

ஒரு காட்டில், மரங்கள் போக மிச்சமிருந்த இடத்தில், ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அதன் ஓட்டக் கழகத்துக்குக் கோச், செங்குட்டுவன் என்ற சிறுத்தை. பின்தங்கும் பிள்ளைகளின் பின்னங்காலைக் கடித்து வேகம் கூட்டுவது அவருடைய பயிற்சி முறை. சிறுத்தையைக் கோச்சாகப் போட்டால் வேறென்ன செய்யும் என்று நீங்கள் கேட்கலாம். தேர்வுக் குழுவில் யாரும் கேட்கவில்லை.

முதலாண்டு மாணவி அல்லி, ஒரு புள்ளிமான். அவள் கால் வீங்கிப் புண்ணாகியிருந்தது. பயிற்சிக்குப் போகாவிட்டால் விடுதியில் இடம் போய்விடும். போய் இன்னொரு கடி வாங்கினால் ஆயுசுக்கும் ஓட முடியாது. ஓட முடியாத மான் காட்டில் எத்தனை நாள் இருக்கும்? பயத்தில் அவளுக்குப் புல்லே இறங்கவில்லை.

நல்ல வேளை, பல்கலைக்கழகத்தில் மாணவர் நல அலுவலர் என்று ஒருவர் இருந்தார். ஆறுமுகம் என்ற மயில். 'உங்கள் பாதுகாப்பே எங்கள் மூச்சு' என்ற பேனருக்குக் கீழே தோகையை விரித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அடடா, என்னம்மா இது! பாக்கவே மனசு தாங்கல. உடனே ஒரு புகார் எழுது. ஆனா உரிய வழியா வரணும். உங்க கோச் பரிந்துரை செஞ்சு கையெழுத்து போட்டாத்தான் நான் வாங்க முடியும்."

"புகாரே அவர் மேலதானே சார்?"

"அதுக்குத்தாம்மா சொல்றேன். அவருக்குத் தெரியாம கொடுத்தா அவர் மனசு கஷ்டப்படாதா? அவரோட நலனையும் நாமதானே பாக்கணும்?"

அல்லி புகாரோடு கோச்சிடம் போனாள். அவர் முழுவதும் படித்தார். கோபமே படவில்லை.

"நல்லா எழுதியிருக்கம்மா. ஆனா 'கடிக்கிறார்'ங்கிறது ஆபீஸ்ல போடற வார்த்தை இல்ல. 'ஊக்கப்படுத்துகிறார்'னு மாத்து, கையெழுத்து போடறேன்."

மாற்றினாள். வேறென்ன செய்வாள்? 'கோச் என் பின்னங்காலைத் தினமும் ஊக்கப்படுத்துகிறார், என்னால் உட்காரவே முடியவில்லை' என்று புகார் மேலே போனது. படித்த துணைவேந்தர் யானைக்குக் கண் கலங்கிவிட்டது. கோச்சுக்குச் சிறந்த பயிற்சியாளர் விருது அறிவித்தார். இவ்வளவு உருக்கமாக எழுதிய மாணவியையும் விடவில்லை. ஓட்டக் கழகத்தின் நலப் பிரதிநிதி ஆக்கினார். இனி அந்தக் கழகத்துப் புகார் எதுவானாலும் முதலில் அவள் கையெழுத்து வேண்டும்.

விழாவில் கோச்சுக்குப் பொன்னாடை போர்த்த அவளையே அழைத்தார்கள். நொண்டிக்கொண்டே மேடையேறினாள். ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை, எல்லோரும் கைதட்டுவதில் மும்முரமாக இருந்தார்கள். கோச் தலை குனிந்து அவள் காதோரம் சொன்னார்: "நாளைக்கு கிரவுண்டுக்கு வா. இன்னொரு காலையும் ஊக்கப்படுத்திடலாம்."

அல்லி பொன்னாடையை அவர் தலையோடு சேர்த்துப் போர்த்தினாள். திரும்பி நின்று, நல்ல காலால் ஓங்கி ஒரு உதை விட்டாள். கோச் விருதோடு உருண்டு போய்க் கீழே பாறையில் விழுந்தார். முன்பற்கள் அத்தனையும் போய்விட்டன.

பொக்கை வாயோடு புகார் எழுதிக்கொண்டு மயிலிடம் ஓடினார்.

"அடடா, மனசு தாங்கல சார்," என்றார் மயில். "ஆனா உரிய வழியா வாங்க."

அல்லி அந்தப் புகாரை நிதானமாகப் படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். இந்த 'உதைத்தாள்' மட்டும் சரியில்ல. 'ஊக்கப்படுத்தினாள்'னு மாத்திட்டு வாங்க, கையெழுத்து போடறேன்."

நீதி: அடிபட்டவர்களே, புகார் கொடுக்க அலையாதீர்கள். புகார் வாங்கும் பதவியைப் பிடியுங்கள். அப்புறம் நீங்கள் விடும் உதையும் நலத்திட்டத்தில் சேர்ந்துவிடும்.