இருவர் தனிமைக்குப் பதின்மூன்று இருக்கை

சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில், மாலை நேர ஜெர்மன் வகுப்பில்தான் அந்த யோசனை என் மண்டைக்குள் ஏறியது. ஆசிரியை பலகையில் எழுதிக்கொண்டே போனார். காட்டுக்குள் கிடைக்கும் தனிமைக்கு ஒரு சொல்: வால்ட்ஐன்ஸாம்கைட். எல்லாரும் கூடி உட்கார்ந்து கதகதப்பாக இருப்பதற்கு ஒன்று: கெம்யூட்லிஷ்கைட். கடைசியாக, உலகத்தை வெளியே நிறுத்திவிட்டு இரண்டு பேர் மட்டும் இருப்பதற்கு: ட்ஸ்வைஸாம்கைட்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் அதற்குச் சொல்லே வைத்திருக்கிறார்கள். எனக்கோ நிச்சயமாகி அரை வருடமாகியும் ரியாஸோடு ஐந்து நிமிடம் தனியாகப் பேச வழியில்லை. (வீட்டில் அவர் போன் எப்போதும் ஸ்பீக்கரில். மெசேஜ் அனுப்பலாமென்றால், அதே போனில்தான் அவர் அம்மா சமையல் வீடியோ பார்ப்பார். அவர் வேலை பார்க்கும் கப்பல் பட்டறைக்குள் போனுக்கு அனுமதியில்லை, வாசலிலேயே நின்றுவிடும்.)

பேச வேண்டிய விஷயம் பெரியது. என்னை ஒரு வருடம் ஹாம்பர்க் கிளைக்கு அனுப்ப அலுவலகம் தயார். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அம்மாக்கள் காதில் விழுவதற்கு முன் ரியாஸின் மனம் எனக்குத் தெரிந்தாக வேண்டும். விழுந்துவிட்டால் கல்யாணமா ஜெர்மனியா என்று பட்டிமன்றமே நடத்திவிடுவார்கள்.

ஆகவே கிராஞ்சியைத் தேர்ந்தெடுத்தேன். பண்ணைகள், செடிகள், மருந்துக்கும் சொந்தக்காரர் இல்லாத இடம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

"கிராஞ்சியா? அங்க பஸ்ஸே ஒழுங்கா வராதேம்மா," என்றார் அம்மா.

"அதனாலதான்மா போறோம்."

"வெயில்ல நிப்பீங்களா? அண்ணன்கிட்ட வேன் எடுக்கச் சொல்றேன்."

யாருமில்லாத இடத்துக்கு வண்டி இல்லாமல் போக முடியாது. அண்ணன் வாடகைக்கு எடுத்த வேனில் பதின்மூன்று இருக்கை. காலி இருக்கையோடு வேனைக் கிளப்புவது எங்கள் குடும்பத்தில் நடக்காத காரியம். சனிக்கிழமை லிட்டில் இந்தியாவில் எங்கள் துணிக்கடை வாசலில் அண்ணி, சித்தி, ரியாஸின் அம்மா, இரண்டு சட்டி பிரியாணி எல்லாம் ஏறின. ரியாஸ் தன் போனை வேனோடு இணைத்துப் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

பண்ணையில் பாய் விரித்து எங்கள் இருவரையும் நடுவில் உட்காரவைத்தார்கள். மீன் குளம் பார்க்க எழுந்தேன், பின்னாலேயே அண்ணி. "வழுக்கும்லா, பார்த்து." செடி பார்க்கப் போனேன், சித்தியும் வந்து ஒவ்வொரு செடிக்கும் விலை கேட்டார். இதுதான் கெம்யூட்லிஷ்கைட் என்றால் அதைக் கண்டுபிடித்தவன் என் கையில் கிடைக்க வேண்டும்.

கிளம்பும் நேரம். வேன் அடுப்பாகக் கொதித்தது. கதவுகளைத் திறந்துவைத்து, ஏர்கானைப் போட ரியாஸ் மட்டும் போய் உட்கார்ந்தார். தனியாக. நான் கழிப்பறைப் பக்கம் ஓடி அவரைப் போனில் அழைத்தேன்.

"கேளுங்க, சீக்கிரம். ஆபீஸ்ல என்னை ஒரு வருஷம் ஜெர்மனிக்கு அனுப்புறாங்க. போகவா? உங்க அம்மாகிட்ட மட்டும் இப்ப சொல்லிடாதீங்க. தெரிஞ்சா வீட்டை ரெண்டாக்கிடுவாங்க."

என் குரல் எனக்கே எங்கிருந்தோ கேட்டது. வேனின் நான்கு ஒலிபெருக்கிகளிலிருந்து. பாட்டை நிறுத்தியவர் போனுக்கும் வேனுக்குமான இணைப்பைத் துண்டிக்கவில்லை. பாய் மடித்துக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன.

பதற்றத்தில் அவருக்கும் எதுவும் உறைக்கவில்லை. "நீ போ. நானும் லீவு போட்டு வந்து வந்து பார்க்கிறேன். அம்மா ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பாங்க, அப்புறம் சரியாயிடுவாங்க."

அவர் அம்மா பாயைக் கீழே போட்டார். "ஒரு வாரமா? ஒரு மாசம் வச்சிக் காட்டுறேன், பாருடா."

சொன்னபடியே காட்டினார். திரும்பும் வழியெல்லாம் பதின்மூன்று இருக்கையிலும் மயான அமைதி. (வாழ்க்கையில் முதன்முறை அவ்வளவு அமைதி, அதையும் அனுபவிக்க முடியவில்லை.) திங்கட்கிழமை 'சரி' என்று பதில் அனுப்பினேன். இன்றுவரை வீட்டில் யாராவது ரகசியம் பேசக் குரலைத் தாழ்த்தினால் அண்ணன் கேட்பார்: "ஏன், வேனுக்குள்ள போய்ப் பேசேன்?"

ரியாஸின் அம்மாவுக்கு இப்போது கோபம் போய்விட்டது. அது போன இடத்தில் வேறொன்று வந்திருக்கிறது: என்னைக் குடிவைக்க அவரும் என் அம்மாவும் ஹாம்பர்க் வருகிறார்களாம். கம்பளிச் சட்டையும் வாங்கியாயிற்று. இதில் ரியாஸின் மனம் என்ன என்று தெரிந்தாக வேண்டும். இந்தச் சனிக்கிழமை, மழையானாலும் சரி, வண்டியே நுழைய முடியாத ஒரு காட்டுப்பாதையில் நாங்கள் இருவரும் நடக்கப் போகிறோம்.

அண்ணி நேற்றே கேட்டுவிட்டார்: "எத்தனை குடை எடுத்துக்கட்டும்?"