நல்ல வலிக்கு வந்த சைக்கிள்

முதல் நாள் மணி அடிக்கச் சில நிமிஷம் இருக்கும்போது மேடம் பள்ளிக்கூடச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தார்.

நிஜ நெற்றியால் அல்ல, கம்ப்யூட்டரில். திரையில் இரட்டைச் சடை போட்ட ஒரு பொம்மை மாணவி சுவரைப் பார்த்து ஓடிக்கொண்டே இருந்தாள். கால்தான் ஓடியது, ஆள் நகரவில்லை.

"அம்மா, கதவு வலது பக்கம் இருக்கு," என்றாள் மகள்.

"தெரியும். நீ போய்க் கணக்கைப் போடு. ஒரு நாளைக்கு நானூறு பார்சல் அனுப்பறவ நான். ஒரு பொம்மையை வகுப்புக்கு அனுப்ப முடியாதா?"

மேடம் ஒரு கூரியர் அலுவலகத்தில் மேற்பார்வையாளர். அங்கே எல்லாரும் மேடம் மேடம் என்று கூப்பிட, வீட்டில் கணவரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார். முதலில் கிண்டலுக்கு, பிறகு பழக்கத்தில்.

விஷயம் இதுதான். மகள் கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தாள். இந்த முறையும் தவறினால் அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வேண்டும் என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. பெற்றோர் கைப்பட உறுதிமொழி எழுதித் தரவேண்டுமாம். மேடம் ஒரே மூச்சில் எழுதி, ஒட்டி, அனுப்பியும் விட்டார். மிச்சமிருந்த நகலைக் கணவர் எடுத்துப் படித்தார்.

"'என் மகளை நல்ல வலிக்குக் கொண்டு வருவேன்'னு எழுதியிருக்க, மேடம்."

"ஆமா. அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. இப்பவே நல்லாத்தான் வலிக்குது."

வழி, வலி இரண்டும் மேடத்துக்குப் பிறந்ததிலிருந்தே தகராறு. பேசும்போது தப்பித்துக்கொள்வார். எழுதும்போது கையும் களவுமாக மாட்டுவார்.

மகளின் பிரச்சினை வேறு. அவள் ஒரு வருஷமாக ஆடிவரும் விளையாட்டுக்குள் ஒரு முழு ஊரே இருந்தது. பள்ளி, விடுதி, கடைத்தெரு, குளம் என்று எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம், யாரோடு வேண்டுமானாலும் பேசலாம். அங்கே திரிகிற ஒவ்வொரு பொம்மைக்குப் பின்னாலும் எங்கோ ஒரு வீட்டில் ஒரு நிஜ மனிதர் உட்கார்ந்திருந்தார். ஆனால் தினமும் மாலை ஏழு மணிக்கு மணி அடிக்கும். அப்போது பள்ளிக்குள் இல்லாவிட்டால் வருகை போய்விடும். தொடர்ந்து மூன்று நாள் வராதவர்களின் பெயரை அடித்துவிடுவார்கள்.

"பத்து நாள் நான் போகலன்னா என் ஒரு வருஷ உழைப்பு போச்சும்மா!" என்று மகள் அழுதாள்.

"நிஜப் பள்ளிக்கூடத்துல ஒரு வருஷம் போகப்போகுதேன்னு அழுடி!" என்றார் மேடம். பிறகு கொஞ்சம் நிதானித்து, "சரி. நீ படி. உன் பொம்மையை நான் பாத்துக்கறேன். பத்தே நாள்," என்றார்.

அந்தக் காலத்தில் மேடமும் இதே வகுப்பில் இரண்டு முறை உட்கார்ந்தவர். கூடப் படித்தவர்கள் மாடி ஏறிப் போனதைக் கீழ் வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்தது இன்னும் நெஞ்சில் கிடந்தது. மகளுக்கு அது தெரியாது. தெரியவும் கூடாது என்று மேடம் நினைத்தார்.

மகள் கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, ஆரம்பப் பாடங்களை எழுதிக் கொடுத்தாள். மணிக்கு முன்னால் உள்ளே போ. வேளைக்குச் சாப்பிடு, இல்லாவிட்டால் மயங்கி விழுவாய். ஒழுக்கப் புள்ளி நூறு இருக்கிறது, பூஜ்ஜியமானால் வெளியே தள்ளிவிடுவார்கள். கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு: பச்சைப் பொத்தானைப் பார்க்காமல் அமுக்காதே, பக்கத்தில் இருப்பதை எடுத்துவிடும்.

"இதெல்லாம் ஒரு பாடமா?" என்று மேடம் அந்தத் தாளைத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்தார்.

சுவரிலிருந்து ஒரு வழியாக விடுபட்டுக் கதவைத் தேடி ஓடியபோது, பச்சைப் பொத்தான் மின்னியது. மேடம் அமுக்கினார். அடுத்த நொடி பொம்மை மாணவி ஒரு நீலச் சைக்கிள்மேல் இருந்தாள்.

"பாத்தியா! வந்த அன்னைக்கே வண்டி குடுத்துட்டாங்க."

பின்னால் கரடித் தலை மாட்டிய ஒரு மாணவன் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான். அவன் தலைக்குமேல் எழுத்துகள் தோன்றின: "அது என் சைக்கிள்."

மேடம் பதறிப்போய் ஒற்றை விரலால் தட்டினார்: "மன்னிக்கவும். புதுசு. வலி தெரியாமல் எடுத்துவிட்டேன்."

கரடி நின்றது. பதில் வந்தது: "வலி அல்ல. வழி. சைக்கிளைத் தரவும்."

மேடத்துக்குச் சுருக்கென்றது. "திருட்டுப் போன நேரத்துலயும் பிழை திருத்தறான் பாருங்க, திமிர் பிடிச்ச கரடி!"

"உங்க ஆபீஸ்ல சேர்த்துக்கோ," என்றார் கணவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. "விலாசமாவது ஒழுங்கா எழுதுவான்."

இருந்தாலும் மேடம் நியாயஸ்தர். அடுத்த நாள் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கவே போனார். பிரேக் என்று நினைத்து அமுக்கியது வேகமாக ஓட்டும் பொத்தான். நேராகப் போய்க் கரடிமேல் மோத, கரடி குளத்தில் விழுந்தது. ஒழுக்கப் புள்ளி நூறிலிருந்து அறுபதுக்கு இறங்கியது.

மூன்றாம் நாள் சமாதானத்துக்கு ஏதாவது பரிசு கொடுக்கலாம் என்று பார்த்தார். வாசலில் அழகான பூந்தொட்டி இருந்தது. பச்சைப் பொத்தான். அந்தத் தொட்டி, விளையாட்டுக்குள் இருந்த பள்ளியின் முதல்வருடையது. அதைக் கையில் பிடித்தபடி கரடிமுன் நின்றபோது பள்ளி முழுக்க அறிவிப்பு ஓடியது: "திருட்டுப் பொருள் பரிமாற்றம்." மேடத்துக்கு இன்னொரு முப்பது போனது. கரடிக்கும் முப்பது போனது.

"நான் என்ன செய்தேன்?" என்று கேட்டது கரடி. பாவம், அது கேட்டதில் நியாயம் இருந்தது.

"அம்மா, எல்லாம் சரியா நடக்குதா?" என்று மகள் அறைக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

"ஜோரா நடக்குது! நீ முக்கோணத்தைக் கவனி!"

நான்காம் நாள், திருப்பிக் கொடுக்கப் போனாலே புள்ளி போகிறது என்று மேடம் கடைத்தெருவுக்குப் போய்ச் சைக்கிளுக்குச் சிவப்பு அடித்தார். இனி அடையாளம் தெரியாது என்ற தைரியத்தில் கரடி முன்னாலேயே மணி அடித்துக்கொண்டு போனார்.

"நிறம் மாறினா கண்டுபிடிக்க முடியாதா?" என்றார் கணவர். "ஊர்ல சைக்கிள் வச்சிருந்ததே அவன் ஒருத்தன்தான், மேடம்."

கரடி துரத்தியது. மேடம் சைக்கிளோடு படிக்கட்டில் ஏறினார், அதற்கு இன்னொரு இருபது புள்ளி போனது. முதல் மாடி, இரண்டாம் மாடி, அதற்குமேல் கூரை. கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கரடி கீழே முற்றத்தில் போய் நின்று அண்ணாந்து பார்த்தது.

கணவர் செய்தித்தாளை மடித்துவிட்டார். "இப்ப என்ன செய்யப் போற?"

மணி அடித்தது. திரையின் ஓரத்தில் பச்சையாக ஒரு வரி வந்தது: வருகை பதிவாகிவிட்டது.

மேடம் நாற்காலியில் சாய்ந்தார். "கூரையும் பள்ளிக்கூடம்தானே!"

அதோடு முடிந்தது. அடுத்த ஆறு நாளும் மாலை ஏழு மணிக்கு மேடம் கூரையில் ஆஜர். பசித்தால் கூரையை ஒட்டிய மரத்தில் பச்சைப் பொத்தானை அமுக்கிப் பழம் பறித்தார். கரடியும் தினமும் ஆஜர், கீழே முற்றத்தில். முற்றத்தில் நிற்பதற்கும் வருகை உண்டு போலும். அது வகுப்புக்கும் போகவில்லை, நகரவும் இல்லை. மழை பெய்தபோதும் நின்றது.

"கொஞ்சம் வலி விடுங்க, இறங்கணும்," என்று மேடம் ஒருநாள் கேட்டுப் பார்த்தார்.

"வலி அல்ல. வழி. விட மாட்டேன்."

"இவனைப் பெத்தவங்க எப்படித்தான் வச்சு மேய்க்கறாங்களோ!" என்றார் மேடம்.

பத்தாம் நாள் விளையாட்டில் அந்தப் பருவம் முடிந்தது. பொம்மை மாணவி முழு வருகையோடும், பத்தே பத்து ஒழுக்கப் புள்ளியோடும், கூரையில் உட்கார்ந்தபடியே தேறினாள். அன்று காலையே நிஜ மகள் கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு வந்திருந்தாள். "எப்படிடி எழுதின?" என்றதற்கு "ம்" என்றாள்.

ஒரு வாரம் கழித்துப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. தலைமையாசிரியை அம்மாவை மட்டும் வரச் சொல்லியிருந்தார். நானூறு பார்சல் அனுப்புகிற மேடம் அன்று இரண்டு காலுக்கும் வேறு வேறு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

தலைமையாசிரியை ஒல்லியாக, விறைப்பாக இருந்தார். கண்ணாடிக்கு மேலாக மேடத்தைப் பார்த்தார்.

"உட்காருங்க. உங்க பொண்ணு கணக்குல எழுபத்தெட்டு."

மேடத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அவளும் இனி மாடி ஏறுவாள். "ரொம்ப நன்றிம்மா. அவ நிம்மதியாப் படிக்கணும்னு நான் பட்ட பாடு இருக்கே…"

"இருக்கட்டும். பரீட்சைக்காகப் பிள்ளைங்களுக்கு நாம எதைத்தான் செய்யல?" என்றபடி அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

மேடத்துக்குக் குழப்பமாக இருந்தது. நல்ல சேதிக்கு எதற்குக் கதவைச் சாத்த வேண்டும்?

தலைமையாசிரியை மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து முன்னால் வைத்தார். மேடம் எழுதிய உறுதிமொழிக் கடிதம். அதில் 'நல்ல வலிக்கு' என்ற இடத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் அழுத்தமாக ஒரு வட்டம்.

"எழுத்துப் பிழைங்க," என்று மேடம் அசடு வழிந்தார். "எனக்கு அது எப்பவும்…"

"தெரியும்," என்றார் தலைமையாசிரியை. "வலி அல்ல, வழி. என் பையனோட சைக்கிளைக் கூரையிலேருந்து எப்ப இறக்கித் தரப் போறீங்க?"