காளியப்பன் கேட்டு வாங்கிய கோப்பு

காளியப்பன் தன் மருத்துவக் கோப்பைக் கேட்டு வாங்கினார். தப்பு அங்கேதான் நடந்தது.

மலேசியாவின் கோத்தா திங்கியில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டி ஓய்ந்தவர். வெள்ளத்தில்கூட லாரியை நிறுத்தியதில்லை. ஊசி என்றால் மட்டும் வாசலோடு திரும்பிவிடுவார். ஆறு மாதமாக இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோய்க்கு மாத்திரை. அளவு இறங்காவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று கிளினிக் டாக்டர் போன தடவை சொல்லிவிட்டார்.

காளியப்பனுக்கு ஒன்று புரியவில்லை. சீனி போட்டு ஆற்றும் தே தாரிக் டீயை விட்டாயிற்று, தினமும் நடக்கிறேன் என்று டாக்டரிடம் தவறாமல் சொல்லி வந்தார். பொய்தான். ஆனால் அது டாக்டருக்கு எப்படித் தெரியும்? பிறகு ஏன் அந்த மனிதர் சிரித்துக்கொண்டே பக்கம் பக்கமாக எழுதுகிறார்? அப்படி என்னதான் எழுதுகிறார்?

பக்கத்து வீட்டுச் செல்வராணி வழி சொன்னாள். நம் கோப்பின் நகலை நாம் எழுதிக் கேட்கலாம். தப்பிருந்தால் திருத்தவும் சொல்லலாம். சட்டமே இருக்கிறதாம்.

வீட்டில் அறிவித்தார். சண்டைக்கும் தயாராக இருந்தார். மனைவி புஷ்பவள்ளியோ சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். ஐசி என்கிற அடையாள அட்டையின் நகலையும் எடுத்து வைத்தாள்.

"கேளுங்க லா. உங்க உரிமைதானே."

இவள் எப்போது இவ்வளவு நல்லவளானாள் என்று யோசித்தார். கொஞ்சம்தான் யோசித்தார். அதுவும் தப்பு.

ஒரு வாரத்தில் நகல் வந்தது. எல்லாம் ஆங்கிலம். கிளினிக் தாதி டொரத்தி தமிழில் படித்துச் சொன்னாள்.

"தே தாரிக்கை நிறுத்திட்டதா நோயாளி சொல்றாரு."

"சரியா இருக்கு. மேல படிம்மா."

"அடுத்த வரியில, இல்லை, தினமும் ரெண்டு. பாலத்துக்குப் பக்கத்துக் கடை. சீனி தூக்கலா."

காளியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படித்தது டொரத்தி.

"தினமும் நடக்கிறதா சொல்றாரு. அதுக்குக் கீழ, கார் வரைக்கும்னு இருக்கு அங்கிள்."

என் கோப்பில் எழுதச் சொல்ல எவனுக்கு உரிமை என்று கவுண்டரைத் தட்டினார். டொரத்தி முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். என் உடம்பைப் பற்றி டாக்டரிடம் பேச என் மனைவிக்கு அனுமதி உண்டு என்று ஒரு படிவம். அடியில் அவர் கையெழுத்து. எந்தப் படிவத்தையும் அவர் படித்தவரில்லை. புஷ்பவள்ளி நிரப்புவாள், அவள் விரல் வைத்த இடத்தில் இவர் கையெழுத்துப் போடுவார். முப்பது வருஷப் பழக்கம்.

விடுவாரா? நேரே டாக்டர் அறைக்குள் போனார். கோப்பில் தப்பு இருக்கிறது, சட்டப்படி திருத்துங்கள் என்றார்.

டாக்டர் பேனாவை மூடிவைத்தார்.

"எதைத் திருத்தணும் அங்கிள்? உங்க பேச்சை மட்டும் நம்பியிருந்தா, மாத்திரை வேலை செய்யலைன்னு போன மாசமே ஊசி போட்டிருப்பேன். தே தாரிக்னு தெரிஞ்சதாலதான் விட்டேன். அதை நிறுத்துங்க. இன்னும் மூணு மாசம் பாக்கலாம்."

ஊசி இல்லை. காளியப்பனுக்கு மூச்சு வந்தது. நகலை மறுபடி புரட்டினார். கோப்பிலிருந்த தப்பையெல்லாம் அன்றன்றே திருத்தியாகிவிட்டது. திருத்தியவர் பெயரும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒழுங்காக இருந்தது: புஷ்பவள்ளி.